எழுத்துமூல முன்னறிவிப்பு

யூட்டிகா நகரசபை, மூன்றாம் மாடி,
இழப்பீட்டுப் பிரிவில் என் மேசை.
மார்ச் வந்தால் பனி இளகும்
தார் பிளக்கும்
எனக்கு வேலை வரும்.

ஸும்ரெத்தா பெகிச் இரண்டு பைகளோடு வந்தார்.
ஒன்றில் ரசீதுகள்.
மற்றதில் வளைந்த சக்கர விளிம்பு,
சாலை உப்பு பூத்து வெளுத்தது.
மேசைமேல் வைத்தார்.
யாரோ ஒரு வாய் கடித்துவிட்டு
வேண்டாமென்று போட்டது போலிருந்தது.

முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
ஆல்பனி தெரு, காலை ஐந்தரை.
தண்ணீர் நின்றதாம், ஆழம் தெரியவில்லையாம்.
டயர், விளிம்பு, இழுவை வண்டி, ஒரு நாள் சம்பளம்:
நானூற்றுப் பதினேழு டாலர் முப்பது சென்ட்.
"முப்பது சென்ட்டை விட்டுத்தருகிறேன்" என்றார்,
பேரம் படியும் இடமென்று நினைத்து.

புகைப்படத்தில்
குழிக்குள் தன் பிளாஸ்க்கை நிறுத்தியிருந்தார்.
மூடி மட்டும் வெளியே.

பதினோராம் நாள் பதில் போட்டேன்.
அம்மையீர்,
தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது.
மேற்படி இடத்தில் குழி இருப்பதாக
சம்பவத்துக்கு முன்னர் எவரும்
எழுத்துமூலம் தெரிவித்ததாகப் பதிவேட்டில் இல்லை.
ஆகவே வருந்துகிறோம்.

அந்த 'வருந்துகிறோம்' அச்சிலேயே இருக்கிறது.
நான் தட்டச்சு செய்வதில்லை.

திரும்பி வந்தார்.
கத்துகிறவர்களுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன்,
அதைத் தொண்டையில் தயாராக்கினேன்.
அவரோ
"விழுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்?"
ஆமாம்.
"யார் எழுதினாலும் சரியா?"
யார் எழுதினாலும்.
"அதில் விழாதவர்கூட?"
விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
விழாதவர்கூட.

அடுத்த திங்களிலிருந்து கடிதங்கள்.

ஐயா, ரட்கர் தெரு, தேவாலயத்துக்கு எதிரே.
ஒன்றரை பிளாஸ்க் நீளம், அரை பிளாஸ்க் ஆழம்.

ஐயா, இது சின்னது. ஆனால் வளரும்.

ஐயா, பள்ளிப் பேருந்து இதை ஒதுங்கிப் போகிறது.
ஓட்டுநருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதாமே,
அதனால் எழுதுகிறேன்.

ஐயா, போன வாரக் குழியை மூடினீர்கள், நன்றி.
மூடியது மூன்று நாள் இருந்தது.

ஐந்தாம் கடிதத்தில் அங்குலக் கணக்கு வந்துவிட்டது.
அளவு நாடா வாங்கியிருப்பார்.
ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினேன்,
தேதி, எண், என் சுருக்கொப்பம்.
"அந்த பொஸ்னியாக்காரிக்கு வேறு வேலையே இல்லையா?"
என்றார் மேலாளர் கப்ரியோலி.
இருக்கிறது. இரண்டு வேலை.

மே மாதம் பீட்ஸா கொண்டுபோகும் ஒரு பையன் வந்தான்,
டூ வா என்று பெயர், கரென் இனத்தவன்.
முன் அச்சு முறிந்த கார்.
வழக்கமான கடிதத்தை எடுத்துக்கொண்டே
பதிவேட்டைப் பார்த்தேன். பத்தொன்பதாம் எண்.
காசோலை போனது.
தன்னை எந்தக் கை தூக்கிவிட்டதென்று
அவனுக்குத் தெரியாது; சொல்ல விதியில் இடமில்லை.
அந்த நானூற்றுப் பதினேழு மட்டும்
இன்றுவரை இல்லை.

நேற்று மழை.
ப்ளீக்கர் தெருவில் வீட்டுக்குப் போகிறேன்,
வைப்பரைத் திட்டிக்கொண்டு.
சத்தம் முதலில் என் பல்லில்தான் கேட்டது.
இறங்கினேன்.
விளக்கு எரியாத கம்பம்.
கம்பத்தைப் பார்த்ததும் வரி வரியாக ஞாபகம்:
ஐயா, இருபத்தாறாவது இது.
இரவில் வருகிறவர் பார்க்கவே மாட்டார்.
முத்திரை ஏப்ரல் ஒன்பது.
சுருக்கொப்பம் என்னுடையது.

நகரத்துக்குத் தெரியுமோ என்னவோ.
எனக்கு எழுத்தில் தெரியும்.

ஆழத்துக்குச் சாட்சி வேண்டுமே,
என்னிடம் பிளாஸ்க் இல்லை.
வலது காலணியைக் கழற்றிக் குழியில் இறக்கினேன்.
ஒற்றைக் காலில் நின்று
மழையில் படமெடுத்தேன்.
மூன்று படம்.
மூன்றிலும் தண்ணீர்தான் விழுந்திருக்கிறது.